எண்ணிடம் பெயர் கேட்டவர்

பூங்கொடி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் நாமக்கல்லில் ஒரு முட்டைக் கம்பெனியின் அலுவலகத்தில், மேசைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு ஒரு கேபிளைத் தேடிக்கொண்டிருந்தேன். அவருடைய தம்பிதான் அழைத்தார். "அண்ணா, அக்கா போயிட்டாங்க" என்றார். நான் "சரிப்பா" என்றேன். எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் எதிர்பார்ப்பது வேறு, காதில் விழுவது வேறு. மேசைக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கம்பெனிக் கணக்காளர் குனிந்து பார்த்து, "ஏனுங் சார், லைன் சிக்குச்சுங்களா?" என்று கேட்டார். கிடைத்துவிட்டது என்றேன். கேபிளைச் செருகி, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். பாதி வேலையில் எழுந்து வந்தேன் என்று தெரிந்தால் பூங்கொடி திட்டியிருப்பார்.

இதைப் படிக்கிற பலருக்கு அவரைத் தெரியும். சேலம், ஓமலூர், திருச்செங்கோடு பக்கம் மில்லோ ஆஸ்பத்திரியோ போர்வெல் ரிக் கம்பெனியோ நடத்துகிறவர்கள், "மெயில் போகலை", "சிஸ்டம் இழுக்குது" என்று எப்போதாவது எங்களைக் கூப்பிட்டிருப்பீர்கள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நானும் அவரும் சேர்ந்து ஆரம்பித்தது. வயரும் பெட்டியும் என் பொறுப்பு. சர்வரும் அதற்குள் நடப்பதும் அவர் பொறுப்பு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாடிக்கையாளர்கள் நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, "போனை மேடத்துகிட்ட குடுங்க சார்" என்பார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு என்று ஒருமுறை அவரிடமே சொன்னேன். "நீங்க கத்தினதுக்கு அப்புறம் நான் எதைச் சொன்னாலும் அவங்களுக்கு இனிக்குது குமரேசன். அந்தப் புண்ணியம் உங்களுக்குத்தான்" என்றார்.

அவரைப் பெரிய ஞானி போல எழுதிவிடக் கூடாது. தட்டுவடை செட் விஷயத்தில் அவரைப் போல் சின்னப் பிள்ளைத்தனமானவரை நான் பார்த்ததில்லை. வேலை முடிந்து சேலத்துக்குள் நுழைந்ததும் வண்டி தானாக அந்தத் தள்ளுவண்டிக் கடைக்குப் போய் நிற்கும். பீட்ரூட் துருவல் குறைந்துவிட்டால் கடைக்காரரிடம் சண்டை. காரச் சட்னி கூடிவிட்டால் கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு செட் கேட்பார். சாப்பிடும்போது வேலை பற்றிப் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கரப்பான்பூச்சியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறிவிடுவார். கெங்கவல்லியில் மரவள்ளிக் காட்டுக்குள் வளர்ந்தவருக்குக் கரப்பானிடம் என்ன பயம் என்று நான் கேலி செய்வேன்.

ஆனால் ஒரு சர்வர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவர் வேறு ஆள். ஓமலூரில் ஒரு நூல் மில்லில், காலையில் கம்ப்யூட்டருக்குள் நுழையவே முடியாமல் மாதக்கணக்கில் அவதிப்பட்டார்கள். கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு டீ குடித்து வந்தால்தான் திறக்கும். சர்வர் பழசாகிவிட்டது, தூக்கிப் போடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். பூங்கொடி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அங்கே வேலை செய்த பெண்ணின் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து, கையை மடியில் வைத்தபடி வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. கடைசியில் திரும்பி, "ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு நேரம்தான் நிக்குது, கவனிச்சீங்களா? பழசா இருந்தா ஒரு தடவை கூட, ஒரு தடவை குறைய நிக்கும். இது யார்கிட்டயோ எதையோ கேட்டுட்டு, பதிலுக்காகக் காத்துட்டிருக்கு" என்றார். அப்படித்தான் இருந்தது. உள்ளே வருகிற ஒவ்வொரு கம்ப்யூட்டரின் எண்ணையும் பார்த்து, "இது யாருடைய எண்?" என்று அந்த சர்வர் இன்னொரு பெட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டியோ கட்டடத்தைப் புதுப்பித்தபோது கழற்றப்பட்டு குடோனில் கிடந்தது. கேட்க வேண்டிய இடத்தை அவர் மாற்றி எழுதினார். அடுத்த நொடியே கதவு திறந்தது. "இனிமே டீ குடிக்கவே நேரம் இருக்காதுங்களே மேடம்" என்றார் அந்தப் பெண். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

இந்த வேலை தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு எண் உண்டு. நமக்கு எண் நினைவில் நிற்காது என்பதால் பெயர் வைத்திருக்கிறோம். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்வதற்கென்று இருப்பது டி.என்.எஸ். சர்வர். எண்ணைச் சொல்லி, இது யார் என்று பெயர் கேட்பதற்கு ரிவர்ஸ் லுக்கப் என்று பெயர். லாரியின் நம்பரைச் சொல்லி ஆர்.டி.ஓ. ஆபீசில் உரிமையாளர் பெயரைக் கேட்பது மாதிரி. இரண்டும் தனித்தனிப் பதிவுகள். ஒன்றைத் திருத்தினால் மற்றது தானாகத் திருந்தாது. எங்கள் தொழிலில் பெரும்பாலானவர்கள் முதலாவதைச் சரிசெய்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். பூங்கொடி இரண்டாவதையும் கேட்டுப் பார்க்காமல் எழுந்ததே இல்லை. "பேரை யார் வேணாலும் வெச்சுக்கலாம். நம்பரைக் கேட்டா அதே பேர் திரும்பி வருதான்னு பார்க்கணும்" என்பார்.

அவரைப் பற்றி நான் சொல்ல வந்தது திருச்செங்கோட்டில் நடந்தது. சில வருடங்களுக்கு முன்பு, அங்கே ஒரு ரிக் கம்பெனியின் சர்வரை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். போர்வெல் ரிக் வண்டிகளை ஆப்பிரிக்கா வரைக்கும் அனுப்புகிற கம்பெனி. அங்கே போயிருந்த டிரில்லர் மாதேஷுக்கு விபத்து. இரும்பு ராடு சரிந்து காலை நசுக்கிவிட்டது. சீழ் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தப்பும் என்று அந்த ஊர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவருக்கு நினைவு இல்லை. மனைவி சம்மதக் கையெழுத்துப் போட்டு, அது கம்பெனியின் சொந்த மெயிலில் இருந்துதான் வர வேண்டும் என்பது ஆஸ்பத்திரியின் விதி. செல்போனில் அனுப்பிய படத்தை அவர்கள் ஏற்கவில்லை. மனைவி சுமதி காலையிலேயே ஓமலூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார். மேனேஜர் அதை அனுப்பினார். ஆஸ்பத்திரியிலோ இன்னும் வரவில்லை என்றார்கள். மறுபடி அனுப்பினார். மறுபடியும் வரவில்லை. மதியம் எங்களைக் கூப்பிட்டார்.

வழக்கமாக சேலத்தில் உட்கார்ந்தபடியே அந்த சர்வருக்குள் நுழைந்துவிடுவோம். அன்று நுழைய முடியவில்லை. எங்களிடம் இருந்த எண்ணில் எதுவும் பதில் சொல்லவில்லை. சங்ககிரி வழியாக வண்டியை விரட்டிக்கொண்டு போனோம். வழியெல்லாம் நான் மேனேஜரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பூங்கொடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த அம்மாகூட யாராவது இருக்காங்களா?"

இல்லை. அலுவலக முன்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சுமதி தனியாக உட்கார்ந்திருந்தார். உள்ளே போகிற வருகிற எல்லோர் முகத்தையும் நிமிர்ந்து பார்த்தார். மேனேஜர் அவரைக் கடக்கும்போதெல்லாம், "போயிருச்சுங்க அம்மணி, அங்க பாக்கறதுக்குத்தான் லேட்டு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

பூங்கொடி சர்வர் முன்னால் உட்கார்ந்தார். திரும்பி வந்த மெயில்கள் யாரும் திறக்காத ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. எல்லாவற்றிலும் ஒரே வரி. உங்கள் எண்ணுக்குப் பெயர் இல்லை, வாங்கிக்கொள்ள மாட்டோம். கம்பெனி மெயிலின் பெயரைக் கொடுத்து எண் கேட்டார். எங்களுக்குத் தெரிந்த எண் வரவில்லை, புதிதாக ஒன்று வந்தது. அந்தப் புது எண்ணைக் கொடுத்துப் பெயர் கேட்டார். ஒன்றும் வரவில்லை. பழைய எண்ணைக் கொடுத்துக் கேட்டார். கம்பெனியின் பெயர் அழகாக வந்தது. ஆக யாரோ சர்வரை வேறு எண்ணுக்கு மாற்றியிருக்கிறார்கள். நேர்ப் பதிவைத் திருத்தியவர்கள் திரும்பு பதிவைத் தொடவில்லை. உள்ளூர் மெயில் சர்வர்கள் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டன. அந்த ஆஸ்பத்திரி விடவில்லை.

"யாரு நம்பரை மாத்துனது?" என்று நான் கத்தினேன். மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார். பூங்கொடி ஜன்னல் வழியாகக் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ரிக் வண்டிகள் வரிசையாக நின்றன. அவருடைய உதடு லேசாக அசைந்தது. பிறகு திரையில் இருந்த புது எண்ணைப் பார்த்தார். மறுபடி உதடு அசைந்தது. "குமரேசன், இந்தக் கம்பெனியில ஒவ்வொரு வண்டி நம்பரையும் தனித்தனியா கூட்டிப் பாருங்க. அஞ்சு வருது. இந்த நம்பரும் அஞ்சுதான்" என்றார்.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ராசி நம்பர் பார்த்து வண்டி வாங்குகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். சர்வருக்கும் ராசி பார்த்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். பூங்கொடி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

முதலாளியின் அறைக்குப் போனோம். அறுபதைத் தாண்டியவர். முகமெல்லாம் வீங்கியிருந்தது, தூங்காத முகம். பூங்கொடி மெதுவாகக் கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ரிக்குகள் அடுத்தடுத்துப் பழுதாகி நின்றனவாம். நம்பர் பார்க்கிறவர், ஆபீஸ் இன்டர்நெட் எண் ஆகாது என்றாராம். கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டிருந்த சில எண்களில் கூட்டு சரியாக வருகிற ஒன்றுக்கு, வெளி ஆள் ஒருவரை வைத்து மாற்றிவிட்டார். "உங்ககிட்டச் சொன்னாச் சிரிப்பீங்கன்னுதானுங்க அம்மணி சொல்லுல" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பூங்கொடி நிலைமையை விளக்கினார். புது எண்ணுக்குப் பெயர் எழுத வேண்டும் என்றால் இணைப்புக் கொடுத்த கம்பெனியும் அவர்கள் பக்கம் வழிவிட வேண்டும். பேசியாகிவிட்டது, நாளைக்குத்தான் ஆகும் என்கிறார்கள். அப்படியே ஆனாலும், முன்பு கேட்டபோது கிடைத்த 'இல்லை' என்ற பதிலை ஆஸ்பத்திரியின் இயந்திரம் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். பழைய எண்ணுக்குத் திரும்பினால் மெயில் இப்போதே போகும். முதலாளி எழுந்துவிட்டார். "வேண்டாமுங்க. அந்த நம்பருல இருந்தப்பத்தான் எல்லாங் கெட்டுது. இப்ப அவன் உசுருக்குப் போராடிக்கிட்டுக் கெடக்கறான். இந்நேரம் பாத்து அதுக்குப் போயி, அவனுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவன் ஊட்டுக்குப் போறது?" எனக்கு ரத்தம் கொதித்தது. இந்தப் புது நம்பர் வந்த பிறகுதானே ராடு சரிந்தது என்று கேட்க வாயெடுத்தேன். பூங்கொடி என் கையைத் தொட்டார்.

சர்வரின் சாவி பூங்கொடி கையில் இருந்தது. யாரிடமும் கேட்காமல் பழைய எண்ணுக்கு மாற்றி, மெயிலை அனுப்பிவிட்டு வந்திருக்கலாம். நான் அதைத்தான் செய்திருப்பேன். அவர் அறையிலிருந்து வெளியே போய், சுமதிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்க காலையில போட்ட கையெழுத்து இன்னும் போகலை" என்றார்.

மேனேஜர் பதறிப்போனார். சுமதி மட்டும் பதறவில்லை. "எனக்குத் தெரியுமுங்க. எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறாங்க. ஏங்க போவுல?" என்று கேட்டார்.

"இங்கிருந்து போறதை அவங்க வாங்கறதுக்கு முன்னாடி, எந்த வாசல்ல இருந்து வருதுன்னு பார்க்கறாங்க. இப்ப இருக்கற வாசல்ல பேர்ப்பலகை இல்லை. பழைய வாசல்ல இருக்கு. அதைத் திறந்தா உடனே போகும். அந்த வாசல் ராசியில்லை, உங்க வீட்டுக்காரருக்கு ஆகாதுன்னு முதலாளிக்குப் பயம். கெட்ட எண்ணத்துல சொல்லலை, அவர்மேல இருக்கற அக்கறையிலதான் சொல்றார். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். அவர் உங்க வீட்டுக்காரர். நீங்க சொல்லுங்க."

சுமதி எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேராக முதலாளியின் அறைக்குள் போனார். நாங்கள் வாசலில் நின்றோம்.

"ஏனுங்க, அவரு காலை எடுக்கறதுக்கே நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேனுங்க. இதுக்கு மேல ஒரு நம்பரு என்னங்க பண்ணீரும்? எது வந்தாலும் என்ர தலையோட போவுட்டும். தொறந்து உடச் சொல்லுங்க."

அந்த மனிதர் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். "தொறந்து உடுங்க அம்மணி" என்றார்.

அதற்குப் பிறகு நடந்த வேலை சொற்பம். பழைய எண்ணை சர்வரில் மறுபடி ஏற்றினார். பெயரைக் கேட்டால் அந்த எண் வருகிறதா, எண்ணைக் கேட்டால் அந்தப் பெயர் வருகிறதா என்று வெளியிலிருந்து கேட்டுப் பார்த்தார். சுமதியின் கையெழுத்தை அனுப்பினார். போய்விட்டது என்று திரை சொன்னது. மேனேஜர் கைகூப்பினார். பூங்கொடி எழுந்திருக்கவில்லை. அங்கே மாதேஷுடன் இருந்த ரிக் ஆளுக்குப் போன் போட வைத்து, அதைச் சுமதியின் கையில் கொடுத்தார். "நான் சொல்றதை நம்பாதீங்க. அவர் சொல்லட்டும்." மறுமுனையிலிருந்து வந்த குரல் எங்களுக்கும் கேட்டது. "வந்துருச்சுங்க அக்கா. உள்ள கொண்டு போறாங்க." சுமதி போனைக் காதிலிருந்து எடுக்காமலே அழுதார். பூங்கொடி அவர் தோளில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அறுவைசிகிச்சை முடிந்தது, உயிருக்கு ஆபத்தில்லை என்ற செய்தி வரும்வரை அந்த நாற்காலியைவிட்டு அவர் நகரவில்லை.

மாதேஷ் ஊர் திரும்பினார். இன்று அதே கம்பெனியின் உதிரிபாகக் கவுண்டரில் செயற்கைக் காலோடு நின்று வேலை பார்க்கிறார். பூங்கொடி மறுநாளே இணைப்புக் கம்பெனிக்காரர்களிடம் விடாமல் பேசி, முதலாளியின் ராசி எண்ணுக்கும் முறையாகப் பெயர் எழுத வைத்து, சர்வரை அதற்கே மாற்றிக் கொடுத்தார். அது என்ன அவசியம் என்று கேட்டேன். "அவருக்கு நம்பர்னா பயம். எனக்குக் கரப்பான்னா பயம். அதுக்காக என்னை யாராவது அறைக்குள்ள போட்டுப் பூட்டினா நல்லாவா இருக்கும்?" என்றார்.

எத்தனையோ கெட்டிக்காரர்களை இந்தத் தொழிலில் பார்த்திருக்கிறேன். பழுது எங்கே என்று கண்டுபிடிக்க அவர்களுக்குத் தெரியும். அது யாருடையது என்று கண்டுபிடித்து, அவரிடம் போய் உட்கார்ந்து சொல்கிறவராகப் பூங்கொடி ஒருவரைத்தான் பார்த்தேன். அன்று வண்டியில் திரும்பும்போது கோவிலுக்குள் இருந்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. தட்டுவடைக் கடையில் வண்டியை நிறுத்தினேன். அவர் வேண்டாம் என்றார். அன்று ஒரு நாள்தான் அப்படிச் சொன்னார்.

போன மாதம் அவருக்கு மூளையில் ரத்தக் கசிவு. சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கெங்கவல்லியிலிருந்து அவருடைய அம்மா வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் தம்பியிடமும் என்னிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. தம்பியால் முடியவில்லை, அவரைக் குறை சொல்ல மாட்டேன். "பரவாயில்லம்மா, பார்த்துட்டு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு மருந்து வாங்கப் போவது போல வெளியே போய்விடுவார். அந்த அம்மா போகிற வருகிறவர்கள் முகத்தையெல்லாம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இப்படிப்பட்ட இடங்களில் காப்பி வாங்கி வருகிறேன் என்று நழுவிவிடுகிற ஆள். ஒரு நாள் காலையில் என் கால் தானாகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது. "அம்மா, மூச்சு மிஷின்லதான் ஓடுது. இனிமே கண்ணு முழிக்கிறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார். இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குதும்மா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன். "இப்ப உள்ள போயி நான் பேசினா அவளுக்குக் கேக்குமா தம்பி?" என்றுதான் கேட்டார்.

"தெரியலைம்மா. கேக்கலாம்னு சொல்றாங்க."

எழுந்து உள்ளே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மகளின் காதருகே குனிந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை சிரித்தது போலக்கூட இருந்தது. என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

கெங்கவல்லியில் எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது அந்த அம்மா வாசல் வரை வந்தார். "எல்லாரும் நல்லாயிருக்கா நல்லாயிருக்கான்னே சொன்னாங்க. நீ ஒருத்தன்தான் உள்ளதைச் சொன்ன. அதனாலதான் நான் அவகூடப் பேசிட்டு அனுப்பி வெச்சேன். இல்லைன்னா பேசாமலே போயிருப்பா" என்றார். நான் கைகூப்பிவிட்டு வண்டியில் ஏறிவிட்டேன்.

பூங்கொடியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். சர்வர் வேலை எனக்கு இனி எவ்வளவு வரும் என்று தெரியாது. காத்திருக்கிறவரின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, உள்ளதைச் சொல்லத் தெரிந்துகொண்டேன். அம்மா, அன்று வாசலில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். உங்களிடம் வந்து சொன்னது நான் இல்லை, உங்கள் மகள்தான்.